அண்ணாச்சியின் அடுப்புக் கடிகாரம்

கனகசபை அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை மகள் செல்விதான் போன் செய்தாள். கடைசி எட்டு வருஷமாக அவரைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். “அத்தை, மாமா காலையில எழுந்திருக்கவே இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டாரு. நாலு, நாலரைக்கே போயிருப்பாருங்கறாரு” என்றாள். நான் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கடைக்காரப் பையன் “ஆன்ட்டி, தௌலூம் க்யா?” என்று இரண்டு முறை கேட்டான். நிறுக்கச் சொன்னேனா, வேண்டாம் என்றேனா, நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் முருங்கைக்காய் இருந்தது.

அன்று காலை ஆறு மணிக்கு வழக்கம்போல அவருக்கு மிஸ்டு கால் கொடுத்திருந்தேன். நாலு முறை அடிக்கவிட்டு வைத்துவிட்டேன். அவர் ஒரு நாளும் அதை எடுத்ததில்லை. எடுக்க வேண்டாம் என்பதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அதனால் அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காபி போட்டேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். அவர் போய் ஐந்து மணி நேரம் நான் இந்த உலகத்தில் நிம்மதியாக நடமாடியிருக்கிறேன்.

பத்தாம் நாள் மந்திர் மார்க்கில் ஒரு சிறு இரங்கல் கூட்டம் நடந்தது. பழைய அலுவலக நண்பர்களும், கரோல் பாகில் ஒரு காலத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களும் வந்திருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் நண்பர் ஒருவர் எழுந்து, அண்ணாச்சியின் நல்ல குணங்களையெல்லாம் சொல்லிவிட்டு, “அவர் செய்த அடுப்பு மெஷினை மட்டும் மறந்துவிட முடியுமா? கடிகாரம் வைத்து அடுப்பு மூட்டப் போய் ஒரு குடும்பத்தையே மேலே அனுப்பிவைக்கப் பார்த்தாரே” என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். அன்பான சிரிப்புதான், குறை சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதாவது நான். என்னைப் பேசக் கூப்பிட்டபோது முடியவில்லை என்று கையைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் துக்கம் என்று நினைத்தீர்கள். துக்கம் பாதிதான். மீதிப் பாதி என்னவென்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தட்பவெப்பம் அளக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் அவர் கருவிகளைப் பழுது பார்ப்பவராக இருந்தார். நான் அதே அலுவலகத்தில் டைப்பிஸ்ட். குளிரையும் வெயிலையும் தாளில் கோடாக எழுதும் கருவிகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கும், அதுதான் தாள் சுற்றிய உருளையைத் திருப்பும். அந்தக் கடிகாரங்கள் எல்லாம் அவருடைய பொறுப்பு. திருநெல்வேலிக்காரர். தில்லியில் ஐம்பது வருஷம் இருந்தும் அந்தப் பேச்சு ஒரு துளி கரையவில்லை. இந்தியைக்கூட நெல்லைத் தமிழ் மாதிரிதான் பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “கடியாரம் இத்தனை இருக்கு, எல்லாத்துக்கும் நேரத்துக்குச் சாவி குடுக்கவே சரியாப் போவுது” என்பார். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைப்பிஸ்டம்மா.

கரோல் பாகில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் அவர், ஒன்றில் நானும் என் கணவரும். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். என் மகன் கார்த்திக் டிசம்பர் மாதத்தில் பிறந்தான், நாள் நிறைவதற்கு ஐந்து வாரம் முன்னாலேயே. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: குழந்தைக்குக் குளிர் படக் கூடாது. மொட்டை மாடி அறையில், தில்லி டிசம்பரில், அதை எப்படிச் செய்வது என்று அவள் சொல்லவில்லை. மின்சார ஹீட்டர் போட்டால் வீட்டுக்காரரின் ஃபியூஸ் போய்விடும். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அங்கீட்டி என்கிற வாளி அடுப்பில் கரியைக் கொளுத்தி, சிவந்ததும் அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கதவைச் சாத்தினேன்.

கால் மணி நேரம்கூட இருக்காது. அண்ணாச்சி கதவைத் தட்டினார். திறந்ததும் உள்ளே வந்து, அங்கீட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுபோய், அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பச்சை உடம்புக்காரி, அழுதுகொண்டே கத்தினேன். “குழந்தை விறைச்சுப் போனா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?”

“சொல்லுதேன்” என்றார். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் என் கம்பளியைச் சுத்தி வச்சுக்கிடுங்க. அதுக்குள்ள பதில் சொல்லுதேன்.”

அந்தப் பதில்தான் நீங்கள் எல்லோரும் சிரிக்கிற மெஷின். ஒரே நாளில் வரவில்லை, நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவருடைய இரண்டு கம்பளிகளும் எங்களிடம்தான் இருந்தன. அவர் எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் ஓர் இரும்பு டிரம்மில் அடுப்புச் செய்தார். அடியில் காற்றுக்காக ஒரு சின்னத் தகரக் கதவு, மேலே புகை போகச் சுவர் வழியாக ஒரு குழாய். கரி டிப்போவில் வாங்கிய கல்கரியை மாலையில் கனலவிட்டு, சாம்பலைப் போட்டு மூடி, அடிக்கதவை இறக்கிவிட்டால், கரி இரவு முழுக்கத் தூங்கும். அணையாது, எரியவும் எரியாது. எப்போது அதை எழுப்புவது என்பதுதான் கேள்வி. அலுவலகத்திலிருந்து, குளிரைக் கோடாக எழுதிய பழைய தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். “பாருங்க டைப்பிஸ்டம்மா. கோடு நாலு மணியிலேருந்து எப்படி விழுதுன்னு. சூரியன் வர்ற வரைக்கும் விழுந்துகிட்டே இருக்கும். அப்ப நீங்களும் பிள்ளையும் அசந்து தூங்குவிய. அந்த நேரத்துல எழுந்து அடுப்பைப் பாக்க மனுசனால முடியாது. அதனால கடியாரம் எழுந்திருக்கட்டும்.”

அலாரம் அடிக்கும்போது கடிகாரத்தின் பின்னால் இருக்கும் சாவி சுற்றும், பார்த்திருப்பீர்கள். அலாரத்தின் மணியைக் கழற்றிவிட்டு, அந்தச் சாவியில் ஒரு நூலைக் கட்டினார். நாலு மணிக்குச் சாவி சுற்ற, நூல் சுருண்டு ஓர் ஆணியை இழுக்கும். ஆணி விலகினால், மணல் நிரப்பிய பால்பவுடர் டின் ஒன்று கயிற்றோடு கீழே இறங்கும். அந்தக் கயிறு அடுப்புக் கதவைத் தூக்கும். ஆறு மணிக்கு இரண்டாவது கடிகாரம் அதை மறுபடி இறக்கிவிடும். குளிர் உச்சத்துக்கு வரும்போது அறை கதகதப்பாக இருக்கும். அடுப்பின் மேல் வைத்த பானையில் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீரும் காய்ந்திருக்கும்.

ஆனால் அடுப்புக் கதவு முதலில் திறக்காது. அதுதான் அந்த மெஷினின் உயிர், அதை யாரும் சொல்வதில்லை. டின் இறங்கும்போது கயிறு முதலில் இழுப்பது ரோஷன்தானை. கூரையோரம் இருக்குமே வெளிச்சத்துக்கான சின்ன ஜன்னல், அது. அது முழுக்கத் திறந்த பிறகுதான் கயிற்றின் மிச்ச நீளம் அடுப்புக் கதவைத் தூக்கும். ரோஷன்தான் எங்காவது சிக்கிக்கொண்டால் டின் அப்படியே அந்தரத்தில் நிற்கும், அடுப்பு திறக்கவே திறக்காது. “குழாயை மட்டும் நம்பக் கூடாது, கரியோட விசம் உள்ளயும் கசியும். சன்னல் முதல்ல. தீ அப்புறம்” என்றார். ரோஷன்தான் கதவில் ஒரு பூஜை மணியையும் கட்டிவிட்டார். திறந்தால் அது ஒரு முறை அடிக்கும். மணி எதற்கு என்று கேட்டேன், குழந்தை எழுந்துவிடுமே என்று. “அது உங்களுக்கு இல்ல. எனக்கு” என்றார்.

ஏன் இவ்வளவு பயம் என்று என் கணவர் ஒரு முறை வேடிக்கையாகக் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஊரிலிருந்து கூடவே வந்த சிநேகிதரோடு ஓர் அறையில் இருந்தாராம். இவர் இரவு வேலை முடிந்து விடிந்து திரும்பியபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தால், நண்பர் ஒரு சட்டிக் கரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்த்திப் படுத்திருந்தார். “தூங்குறான்னு நெனச்சு நான் வெளியில உக்காந்து பீடி குடிச்சேன்யா. அரை மணி நேரம்” என்றார். அதற்குப் பிறகு அவர் பீடி குடித்ததில்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததும் இல்லை.

மூன்று வாரம் அந்த மெஷின் ஒரு நாள் பிசகவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சாவி குடுத்தியளா?” என்று ஒரு குரல் வரும். “கொடுத்தாச்சு அண்ணாச்சி” என்பேன். விடியற்காலை நாலு மணிக்கு மணி ஒரு முறை அடிக்கும். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிடும், அவர் திரும்பிப் படுக்கிற சத்தம். கார்த்திக் எடை கூடினான். அடுப்பிலிருந்து இரண்டு கங்கை எடுத்துச் சாம்பிராணி போட்டு அவன் தலையைக் காயவைப்பேன். அறை முழுக்க அந்த வாசனை இருக்கும். அந்த மூன்று வாரம் போலச் சந்தோஷமாக நான் தில்லியில் இருந்ததில்லை.

செய்தி அலுவலகத்துக்கும் போயிற்று. மலை ஊர்களில் எங்கள் அலுவலகத்துக்குச் சின்னச் சின்ன நிலையங்கள் உண்டு. அங்கே ஆட்கள் பனியில் விடியுமுன் எழுந்து அளவெடுக்க வேண்டும். அந்தக் குடியிருப்புகளுக்கு இது உதவுமே என்று பெரிய அதிகாரிக்குத் தோன்றியது. நேரில் வந்து பார்க்கிறேன், படம் வரைந்து மேலே அனுப்பலாம் என்றார். அதற்கான குறிப்பை நான்தான் டைப் செய்தேன், பிரசவ விடுப்பில் இருந்தும் ஒரு மத்தியானம் போய். வேறு யார் செய்தாலும் பிழை விடுவார்கள் என்று எனக்கு நினைப்பு. அண்ணாச்சி அன்று புதுச்சட்டை வாங்கினார். அவர் சட்டை வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால் என் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நான் மெஷினைப் பற்றிப் பெருமையாக எழுதியதற்குப் பதில். அம்மா தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டாதவள். “விடியற்காலையில் ஜன்னல் திறக்கிறதாமே, இது என்ன கூத்து? பிள்ளை பெற்ற உடம்புக்கும் பச்சைக் குழந்தைக்கும் காற்று ஆகவே ஆகாது. ஜன்னி கண்டால் யார் பார்ப்பது? காதில் பஞ்சு வை, ஜன்னலைச் சாத்து” என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் பிரசவ அறையை அப்படித்தான் அடைத்து வைப்பார்கள், உள்ளே கணப்பும் இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஓட்டுக் கூரை வழியாகப் புகையும் காற்றும் தானாகவே போய்விடும் என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை. தில்லியில் எங்கள் தலைக்கு மேல் இருந்தது சிமெண்ட்.

அன்று கார்த்திக் இரண்டு முறை தும்மினான். அது போதுமாக இருந்தது. ராத்திரி என் கணவர் தூங்கிய பிறகு ஸ்டூலில் ஏறி, ஒரு பழைய புடவையின் கரையைக் கிழித்து, ரோஷன்தான் கயிற்றைச் சுவர் ஆணியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். பச்சைக் கரை. “சாவி குடுத்தியளா?” என்று குரல் வந்தபோது ஸ்டூல் மேல் நின்றபடியே, “கொடுத்தாச்சு அண்ணாச்சி” என்றேன்.

நாலு மணிக்குக் கடிகாரம் தன் வேலையைச் செய்தது. நூல் சுருண்டது, ஆணி விலகியது. கயிறு கட்டிக் கிடந்ததால் டின் இறங்கவில்லை. ரோஷன்தான் திறக்கவில்லை, பூஜை மணியும் அடிக்கவில்லை. அதனால் அடுப்பும் திறக்கவில்லை. அவர் எப்படிச் செய்தாரோ அப்படியே அது நின்றது. குளிரில் விழித்துக்கொண்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய், இடுக்கியால் அடுப்புக் கதவைக் கையால் தூக்கி, அடியில் ஒரு செங்கல் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து, குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்தேன். மெஷின் மாட்டேன் என்று நின்ற வேலையை நான் செய்தேன். இதுதான் நடந்தது. முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக எழுதுகிறேன்.

பிறகு தலை வலித்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை. அது பயமாகக்கூட இல்லை, இதமான தூக்கம் மாதிரி இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது கதவு உடைகிற சத்தமும், மொட்டை மாடியின் ஈரத் தரையும், முகத்தில் மூடுபனியும்தான். அண்ணாச்சி கார்த்திக்கைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அவன் அழவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. “அழுல, அழுல, அழுதுரு ராசா” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் அழுதான். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு என் கணவரை இழுத்து வெளியே கொண்டுவந்தார். பிறகு மறுபடியும் அறைக்குள் போனார். நான் படுத்த இடத்திலிருந்து கதவு வழியாகப் பார்த்தேன். ஸ்டூலில் ஏறி, ஆணியிலிருந்து எதையோ அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்தார். காலால் செங்கல் துண்டைத் தள்ளிவிட்டார். அதற்குள் கீழேயிருந்து வீட்டுக்காரர் மனைவியோடு ஓடி வந்துவிட்டார், “க்யா ஹுவா, க்யா ஹுவா” என்று.

“மெஷின் கராப் ஹோ கயா ஜீ” என்றார் அண்ணாச்சி. “கல்தி மேரி ஹை.”

மெஷின் கெட்டுப்போயிற்று, தவறு தன்னுடையது என்று அவர் சொன்னார். நான் சும்மா இருந்தேன். அன்றைக்கு மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் ஆஸ்பத்திரியில் நன்றாகப் பேசினேன். நர்ஸிடம், பக்கத்துப் படுக்கைக்காரியிடம், பார்க்க வந்த உங்களில் பலரிடம் பேசினேன். எல்லோரும் “அந்த மனுஷனுக்கு எதற்கு இந்த விபரீத வேலை” என்று திட்டினீர்கள். நான் தலையாட்டினேன். குழந்தையைக் கொல்லப் பார்த்த அம்மா என்ற பெயரை என்னால் தாங்கியிருக்க முடியாது. அவரால் தாங்க முடியும் என்று எப்படியோ முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்காரர் அன்றே அடுப்பைப் பிரித்து எறியச் சொல்லிவிட்டார். அதிகாரி வரவில்லை. விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போன முதல் வாரமே அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. கருவியைச் செய்தவரே அது பாதுகாப்பானது அல்ல என்று ஒப்புக்கொண்டுவிட்டதால் மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை, கோப்பை முடிக்கலாம் என்று இரண்டு வரி. மூன்று பிரதி எடுத்து டைப் செய்தேன். பிழையில்லாமல் செய்தேன். சாயங்காலம் படியில் அவரைப் பார்த்தபோது, “பிள்ளை பால் குடிக்கானா?” என்று கேட்டார்.

என் கணவர் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. பிறகு மனம் இளகினார். ஆனால் உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நாங்கள் வீடு மாறினோம், குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அண்ணாச்சி தீபாவளிக்குத் தீபாவளி வருவார், கார்த்திக்குக்கு ஏதாவது சாவி கொடுக்கிற பொம்மையோடு. அவன் பேச ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு மெஷின் அங்கிள் என்றுதான் பெயர் வைத்திருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை ஒரு முறை சொல்லப்படும், அவர் எதிரிலேயே. அவரும் கூடச் சிரிப்பார். நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரே ஒரு முறை சொல்ல முயன்றேன். அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கையுமாக அலுவலக வாசலில் ஆட்டோவுக்கு நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. “அண்ணாச்சி, அன்னிக்கு அந்த ரோஷன்தான்ல...” என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

“கயிறு வச்சது என் தப்பும்மா. கயித்தைக் கட்டிப் போட்டுறலாம்லா? கம்பி வச்சிருக்கணும். கம்பியைக் கட்ட முடியாது. குளிருல ஒரு தாய்க்கு என்ன தோணும்னு நான் யோசிச்சிருக்கணும்.” ஆட்டோ வந்தது. “பய நல்லாப் படிக்கானா?” என்று கேட்டுக்கொண்டே ஏறிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னாலேயே அவர் மன்னித்து முடித்திருந்தார். பெருந்தன்மைதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தது, மறுபடி முயலவில்லை என்பதும் நிஜம்.

என் கணவர் காலமான பிறகு நான் தனியாக இருப்பதை எண்ணி அவருக்குக் கவலை. கார்த்திக் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தான். “காலைல ஆறு மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் எடுக்க மாட்டேன். அடிச்சுதுன்னா போதும், நீங்க எழுந்துட்டியன்னு அர்த்தம்” என்றார். ஒரு நாள் காய்ச்சலில் தூங்கிவிட்டேன். ஏழரை மணிக்கு வாசலில் மணி அடித்தது. எழுபது வயசுக்காரர், மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மெட்ரோவில் இரண்டு வண்டி மாறி வந்து நிற்கிறார். மூச்சு இரைக்கிறது. “அடிக்கலையே” என்றார்.  உள்ளே வந்து முதல் வேலையாக அறை ஜன்னலைத் திறந்துவிட்டார்.

என் அழைப்பு அவருக்கு. அவருடைய அழைப்பு எனக்கு என்று ஒன்று வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாதது இயல்பு. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து வந்த அன்று இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்ததும்தான் ஒன்று உறைத்தது. இதைப் படிக்க வேண்டிய முதல் ஆளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கார்த்திக் இப்போது தில்லியிலேயே இருக்கிறான். பேசுவான், எழுத்து வராது. தமிழில் எழுதிவிட்டால் அவனுக்குத் தெரியாமல் மனசாட்சியைக் கழுவிக்கொள்ளலாம் என்று எனக்குள் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். புடவைக் கரை வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன்.

தனக்குப் படிக்க வராத அந்தத் தாள்களை அவன் வாங்கிப் புரட்டினான். பிறகு, “அப்போ மெஷின் டீக்தான் இருந்துதா?” என்று கேட்டான்.

“சரியாத்தான் இருந்துது.”

“மா, போன தீபாவளிக்குக்கூட நான் அவர்கிட்ட சொன்னேன். அங்கிள், உங்க மெஷின் என்னை நிப்டா தியா ஹோதா, அன்னிக்கே முடிச்சிருக்கும்னு. செல்வி, பசங்க எல்லாரும் இருந்தாங்க.” அவன் முகம் சின்னப் பையன் முகமாக ஆகிவிட்டது. “அவரு சிரிச்சாரும்மா. என் தலையில கை வச்சுச் சிரிச்சாரு.”

பிறகு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். நான் கூடப் போகவில்லை. அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நண்பர்களே, இனி அந்தக் கதையைச் சொல்லும்போது சரியாகச் சொல்லுங்கள். கனகசபை அண்ணாச்சியின் கடிகாரம் பிசகவில்லை. ஜன்னல் திறக்காமல் தீயைத் திறக்க மாட்டேன் என்று அது நின்றது. கட்டியது நான். திறந்தது நான். கோப்பை மூடிய வரியை டைப் அடித்ததும் நான்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பூஜை மணிதான். அடுப்பைப் பிரித்த அன்று அதைக் கழற்றி, கார்த்திக்கின் தூளியில் கட்டிவிட்டுப் போனார். அது இன்னும் என் சுவாமி அலமாரியில் இருக்கிறது. செல்வி அவருடைய பெட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதில் அன்று அவர் சட்டைப் பையில் வைத்த பச்சைக் கரை இருக்குமோ என்று நான் இன்னும் திறக்கவில்லை. இன்று காலையும் ஆறு மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. அடிக்கவில்லை, வைத்துவிட்டேன். அடிக்கவில்லையே என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பி வர இனி யாரும் இல்லை. ஆனாலும் ஏழரை மணி வரைக்கும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.